நீலக் கோட்டில் நின்ற தண்டையல்

நானூற்றியோராம் நெடுஞ்சாலையில் ஒருவரையொருவர் முந்துவதற்கென்றே பிறந்தவர்கள் மாதிரி ஓடித் திரிகிற ரொறன்ரோத் தமிழர்களுக்குள், வழி கிடைத்தும் முன்னால் போகாத ஒரே மனிதர் எங்கள் தண்டையல்தான். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் போன பிறகுதான் அவர் போவார். பின்னால் ஒருவரும் இல்லையென்றால், யாராவது வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார்.

இதை அவருடைய பஸ்ஸில் ஏறித் திரிந்தவர்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள். மல்வேர்னில் அவர் நகர பஸ் ஓட்டிய காலத்தில் 'வந்தால் ஏறு, வராவிட்டால் நட' என்பதுதான் அவருடைய வேதம். பனிக்குள் சாப்பாட்டுப் பையோடு விழுந்தடித்து ஓடி வருகிறவர்களை, மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் அப்படி ஓடியது நான். பக்கத்து வீட்டுக்காரன். முதல்நாள் பின்னேரம்தான் என் வீட்டில் வடை சாப்பிட்டுவிட்டு, உள்ளி கொஞ்சம் கூடிப்போச்சு என்று குற்றமும் சொல்லிவிட்டுப் போனவர். நான் பஸ்ஸின் பக்கத்தில் தட்டத் தட்ட, கண்ணாடியில் என்னை வடிவாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போனார்.

அன்று பின்னேரம் வேலிக்கு மேலால் கேட்டேன்.

"அண்ணை, என்னைத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது. தெரிஞ்ச ஆளெண்டு உமக்கு நிண்டால், தெரியாத ஆக்கள் என்ன பாவம் செய்தவை?"

அடுத்த நாளிலிருந்து ஐந்து நிமிடம் முந்தி வெளிக்கிடத் தொடங்கினேன்.

இப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்றபோது என்ன செய்வார் என்று எங்கள் வரிசை வீடுகளில் ஆளுக்கொரு ஊகம் இருந்தது. மகள் அஜக்ஸில் வீடு வாங்கியிருந்தாள், அங்கே போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார் என்றார்கள். கோயில் நிர்வாகத்துக்குள் புகுந்து கலகம் பண்ணுவார் என்றார்கள். அவர் படகு வாங்கினார்.

படகு என்றால் ஓடுகிற படகில்லை. இங்கிலாந்துக் கால்வாய்களில் ஊர்கிறதே, அந்த ஒடுங்கல் படகு. அந்த நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு வெள்ளைக்காரர் ஊர் ஞாபகத்தில் இரும்பில் செய்து, மூட்டுவலி வந்ததும் கைவிட்டது. அகலம் ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் தட்டும். நீளமோ இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியதுபோல. உள்ளே குசினி, மேசை, கட்டில், கக்கூஸ் எல்லாம் ஒரே வரிசை. ஒருவர் புட்டு அவித்துக்கொண்டிருந்தால் மற்றவர் கட்டிலுக்குப் போக முடியாது. பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய, ஆள் ஏற்றுவதில்லை என்று சொல்கிற 'நொட் இன் சேர்விஸ்' பலகையை முன் கண்ணாடியில் மாட்டினார். அதுதான் படகின் பெயர் என்று கால்வாயில் பலர் நம்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் பாய்க்கப்பல் ஓட்டுகிற தலைவனைத் தண்டையல் என்பார்கள். உரும்பிராயில் செம்மண்ணுக்கும் வாழைக்கும் நடுவில் பிறந்து, கடல் என்பதை மீன் குழம்புச் சட்டியில் மட்டும் கண்டு வளர்ந்த இவருக்கு அந்தப் பட்டத்தை யார் கட்டினார்களோ, அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்தப் படகை அவர் வாங்கியது ஒரே ஒரு ஆளை ஏற்றுவதற்கு. அந்த ஆள் ஏறவில்லை.

அவருடைய மனைவி மலர் அக்கா மன்னார்க் கரையோரம் பிறந்தவர். சண்டைக் காலத்தில் படகில் ராமேஸ்வரத்துக்குப் போனவர்கள் அக்காவின் குடும்பம். அக்கா போய்ச் சேர்ந்தார். தங்கை ராணி போய்ச் சேரவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அக்கா சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. அதற்குப் பிறகு அக்கா எந்தப் படகிலும் கால் வைக்கவில்லை. சங்கப் பிக்னிக்குக்கு எல்லோரும் ஃபெரிப் படகில் தீவுக்குப் போக, அக்கா மட்டும் துறையில் நின்று கை காட்டிவிட்டு, திரும்பி வரும்வரை அங்கேயே இருப்பார்.

"கடல் வேண்டாம், சரி," என்று தண்டையல் என்னிடம் ஒருநாள் சொன்னார். "அலையில்லாத, ஆழமில்லாத, நடக்கிற வேகத்தில போற ஒண்டு இருந்தால் ஏறுவாவோ எண்டு பாத்தன். அதுதான் தேடிப் பிடிச்சனான்."

ஒவ்வொரு கோடையும் இவர் ட்ரென்ட் கால்வாயில் படகில் போவார். அக்கா கரை வழியாக வான் வண்டியில் போவார். இவர் காலையில் வெளிக்கிட்டு மத்தியானம் போய்ச் சேருகிற இடத்துக்கு அக்கா பத்து நிமிடத்தில் போய், மடக்குக் கதிரையை விரித்து, செபமாலை சொல்லி முடித்து, பக்கத்துக் கடைகளையும் பார்த்து, சாப்பாட்டு அடுக்கோடு காத்துக்கொண்டிருப்பார். சந்திப்பார்கள், சாப்பிடுவார்கள், பிரிவார்கள். பின்னேரம் படகு கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு சின்ன மோட்டல் அறை. உலகத்தில் இப்படிக் குடும்பம் நடத்திய வேறு சோடியை நான் கேள்விப்பட்டதில்லை.

நான் இதற்குள் அகப்பட்டது கடைசிக் கோடையில். தண்டையலின் முழங்கால் இரண்டும் படிகளில் சத்தம் போடத் தொடங்கியிருந்தன. மகள் அஜக்ஸிலிருந்து வந்து, "அப்பா, திஸ் இஸ் த லாஸ்ட் சமர், ஓகே? நோ மோர் போட்," என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ஹேஸ்டிங்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரு தம்பதி படகை வாங்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் கடைசிப் பயணம். அந்த நேரம் பார்த்து நான் தோள் ஒப்பரேஷன் செய்துவிட்டு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன்.

"தம்பி, அந்தாளைத் தனிய விடேலாது. நீ கூடப் போ," என்றார் அக்கா.

"அக்கா, எனக்கு நீந்தத் தெரியாது. ஒரு கையும் வேலை செய்யாது."

"அவருக்கும் நீந்தத் தெரியாது. உன்னட்டை ஒரு கையாவது இருக்கு."

ஒத்துக்கொண்டேன். அக்காவின் சமையலும் சேர்ந்துதான் வருகிறது என்பதையும் நான் யோசிக்காமலில்லை.

அந்த வாழ்க்கையைச் சொல்லத்தான் வேண்டும். காலையில் எழும்பினால் ஒரு வாளித் தண்ணீர்தான் குளிப்பு. தாங்கியில் தண்ணீர் குறைந்தால் அரை வாளி. எஞ்சின் எண்ணெயைப் பார்ப்பார், கயிற்றைச் சுருட்டுவார், சமையலறைத் தட்டிலிருக்கும் சின்னப் பிள்ளையாருக்கு ஒரு பூ வைப்பார், பிறகு பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் சொன்னதுபோலவே சொல்லுவார்: "நெக்ஸ்ட் ஸ்ரொப்..." அடுத்த ஊரின் பெயர். கேட்பதற்கு நானும் தண்ணீரில் இரண்டு தாரா வாத்துகளும். தாராக்கள் எங்களுக்கு முதல் போய்ச் சேர்ந்துவிடும். கரையில் நாயோடு நடந்துவந்த ஒரு கிழவி எங்களோடு கதைத்துக்கொண்டே நெடுந்தூரம் வந்தாள். கடைசியில் "எனக்கு நேரமாகிறது" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

நீர்க்களை எஞ்சின் காத்தாடியில் சுற்றும். அப்போது பின்தட்டிலுள்ள மூடியைத் திறந்து, தலைகீழாகக் கிடந்து கையால் வெட்டி எடுக்க வேண்டும். அவர் வெட்டுவார், நான் அவருடைய பெல்ற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிடுவேன்.

லொக்குகளைச் சொல்ல மறந்துவிட்டேன். லொக் என்றால் படகுக்கு வைத்த லிஃப்ட். இரண்டு பக்கமும் பெரிய கதவு போட்ட சீமெந்துத் தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவைச் சாத்தி, மேலேயிருந்து தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும். மேல்மட்டத்துக்கு வந்ததும் முன்கதவைத் திறப்பார்கள். கீழே நிற்கும்போது பாழுங்கிணற்றுக்குள் நிற்பதுபோல் இருக்கும். எனக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு லொக்கிலும் முதலே கரையில் இறங்கி, ஆலோசனை மட்டும் சொல்லிக்கொண்டு நிற்பேன்.

லொக்குக்கு முன்னால் கட்டுத்துறையில் ஒரு நீலக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டில் படகைக் கட்டினால், 'நான் உள்ளே போக வேண்டும், கதவைத் திற' என்று அர்த்தம். கால்வாயில் ஓடுகிற எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. தண்டையலுக்கும் தெரியும். நீலக் கோட்டில் கட்டுவார். கதவு திறக்கும். பச்சை விளக்கு எரியும். அப்போது பின்னால் ஒரு படகு வரும். இவர் எழும்பி நின்று, கல்யாண வீட்டு வாசலில் ஆட்களைப் பந்திக்கு அனுப்புகிறவர் மாதிரி இரண்டு கையாலும் காட்டுவார்: நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ. அவர்கள் தயங்கினால் 'நொட் இன் சேர்விஸ்' பலகையைக் காட்டுவார்.

ஒரு லொக்கில் பொறுப்பாக நின்ற அம்மா பொறுமையிழந்து இறங்கி வந்துவிட்டாள். நீங்கள் வருகிறீர்களா, இல்லையா என்று கேட்டாள். வருகிறேன், ஆனால் அவர்கள் முதலில், என்று துடுப்புப் படகில் வந்த இரண்டு பேரைக் காட்டினார். அவர்களோ நாங்கள் வரவில்லை, சும்மா சுற்றுகிறோம் என்றார்கள். பரவாயில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் இவர்.

"அண்ணை, உங்கட பஸ்ஸுக்குப் பின்னால நான் ஓடி வந்தது ஞாபகம் இருக்கோ?" என்று எரிச்சலோடு கேட்டேன். பசி வேறு.

"அதுதான் தம்பி. வேலைக் காலம் முழுக்க ஓடி வாறவையை விட்டிட்டுப் போனனான். அந்தக் கணக்கு முடியுமட்டும் நான்தான் நிக்க வேணும்."

படகின் கூரையில் ஒரு நீளத் தடி கிடந்தது. அதில் ஓரிடத்தில் வெள்ளைப் பெயின்றால் ஒரு வளையம். மத்தியானம் படகைக் கட்டுவதற்கு முதல் அந்தத் தடியைத் தண்ணீருக்குள் விட்டு அளப்பார். வெள்ளை வளையம் நனையாவிட்டால்தான் கட்டுவார். அது என்ன அளவு என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"மலரின்ரை இடுப்பளவு. சமைச்சுக்கொண்டு நிக்கேக்கை பின்னால நிண்டு பிடிச்சுப் பாத்தனான்."

இவ்வளவு ஆயத்தமும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுகிற ஒரு வசனத்துக்காக. அக்கா கரையில் கதிரையில் இருந்து இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருப்பார். இவர் படகின் விளிம்பில் இருந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொடங்குவார்.

"ஒருக்கா ஏறிப் பாரும் மலர். என்ன பயம்? தண்ணி இடுப்பளவுதான்."

"நீங்கள் சாப்பிடுங்கோ."

"விழுந்தாலும் எழும்பி நிக்கலாம். இடுப்பளவுதான்."

"இன்னும் ரெண்டு இடியப்பம் போடட்டோ?"

ஒவ்வொரு நாளும் இதே பேச்சு. அக்காவின் முகம் அந்த நேரம் ஒரு மாதிரி ஆகும். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். நான் கவனித்துக்கொண்டிருந்தது சொதியை.

ஹேஸ்டிங்ஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தண்டையலுக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. இந்த வருடம் விட்டால் இனி இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை என் கையில் தந்துவிட்டு, தொப்பியோடும் மணிக்கூட்டோடும் அப்படியே தண்ணீருக்குள் குதித்தார். சேறு அவரை வரவேற்றது. ஒரு செருப்பு அதற்குள் போய்விட்டது. தோளில் ஒரு கொத்து நீர்க்களையோடு எழும்பி நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

"பாரும் மலர்! இஞ்சை பாரும்! இடுப்பளவு! இடுப்பளவுதான்!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் கட்டியிருந்த படகுக்காரர் கை தட்டினார். தண்டையல் அவருக்கும் ஒருமுறை திரும்பி நின்று இடுப்பைக் காட்டினார்.

அக்கா சிரிக்கவில்லை. எழும்பினார். கதிரையை மடக்கினார். மீன் குழம்புச் சட்டியை மூடினார். எல்லாவற்றையும் வானில் ஏற்றி, கதவைச் சாத்தி, போய்விட்டார். தண்ணீருக்குள் கைகளைத் தூக்கியபடி நின்ற மனிதருக்குக் கைகளை எப்போது இறக்குவது என்று தெரியவில்லை.

அன்று மிச்சப் பயணம் முழுவதும் பாணும் பட்டரும். "நீர் சிரிச்சதாலதான் கோவிச்சிட்டா," என்று என்மேல் பழியைப் போட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையாக இருக்கலாம் என்று எனக்கும் பட்டது.

மறுநாள் மத்தியானம் அடுத்த லொக்கில் வான் ஒரு மரத்தடியில் நின்றது. "நீர் போய்க் கதையும். நான் வந்தால் இன்னும் கூடும்," என்று என்னை அனுப்பினார்.

அக்கா முதலில் எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் கதைத்தார். முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. குழம்புச் சட்டியைப் பார்த்துக் கதைத்தார்.

"அண்டைக்கு எங்களை ஏத்திக்கொண்டு வந்த ஓட்டி, விடியப் போற நேரம், கரை வந்திட்டுது எண்டான். நேவி வந்திடும் எண்டு அவனுக்கும் பயம். 'இறங்குங்கோ, இறங்குங்கோ, தண்ணி இடுப்பளவுதான்' எண்டான். நான்தான் முதல் இறங்கினனான். எனக்குக் கழுத்தளவு."

சட்டியின் மூடியை எடுத்துத் திரும்ப மூடினார்.

"ராணி என்னைவிடக் கட்டை."

என் கையில் சோறு இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, தட்டில் வைக்கவும் முடியவில்லை. இத்தனை நாளும் அந்த வசனம் சொல்லப்படும்போதெல்லாம் நான் இடியப்பம் பிய்த்துக்கொண்டிருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

"அவருக்குத் தெரியாதோ அக்கா?"

"ராணி போனது தெரியும். என்ன சொல்லி இறக்கினவன் எண்டு நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இவர் பாவம், நல்லதுக்குத்தான் சொல்லுறார். ஆனால் அதே வசனம் தம்பி. ஒரு சொல்லும் பிசகாமல் அதே வசனம்." பிறகு, "எனக்கு அவரிட்டைச் சொல்ல வாய் வராது. நீ சொல்லுறதெண்டால் சொல்லு," என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

நான் சொன்னேன். படகு போய்க்கொண்டிருக்கும்போது, அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். கொஞ்சத்தில் படகு மெல்ல மெல்ல ஒரு பக்கமாகப் போய், நாணற்புல்லுக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

"அண்ணை, கரை."

"எத்தினை தரம் சொல்லியிருப்பன்?"

நான் நாணற்புல்லை ஒரு கையால் விலக்கினேன்.

"ஒவ்வொரு நாளும் சாப்பாடு போட்டுத் தந்துகொண்டிருந்தவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்," என்றார். அவருடைய குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. எஞ்சினை நிறுத்தினார். கூரையில் கிடந்த தடியை எடுத்து, உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வந்தார். பிறகு இருவருமாகப் படகைப் பின்னுக்குத் தள்ளி எடுத்தோம். அன்று அடுத்த ஊரின் பெயரை அவர் அறிவிக்கவில்லை.

மறுநாள், ஹேஸ்டிங்ஸுக்கு முந்திய லொக். தண்டையல் படகை நீலக் கோட்டில் கட்டிவிட்டுக் கரைக்கு வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தார். ஏறச் சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றிக் கதைக்கவில்லை. மகள் ரெலிபோன் எடுத்தாளோ என்று மட்டும் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

வழக்கம்போல மூன்று நான்கு படகுகளை முன்னால் அனுப்பினார். கடைசியில் லொக்குக்காரர்கள் கூப்பிட, தேத்தண்ணி ஊற்ற முதலே எழும்பிப் போய்விட்டார். லொக்குக்குள் இவருடைய படகு மட்டும் தனியே போய் அடியில் நின்றது.

"தேத்தண்ணி குடிக்காமல் போயிட்டார்," என்றார் அக்கா. போத்தலையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். அக்கா லொக்கின் விளிம்புக்கு வந்ததை அன்றுதான் பார்த்தேன். எப்போதும் வான் நிற்கிற இடத்தோடு சரி. விளிம்பில் நின்று கீழே பார்த்தார். தண்டையலின் தொப்பி எங்கேயோ ஆழத்தில் தெரிந்தது. கோப்பையை அங்கேயிருந்து கொடுக்க முடியாது. படகு மேலே வரும்வரை நிற்க வேண்டும்.

தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். படகு ஏறத் தொடங்கியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவருடைய கண்ணுக்கு நேரே முதலில் வந்தது அக்காவின் செருப்பாகத்தான் இருக்கும். நிமிர்ந்து பார்த்தார். ஊர் முழுக்கக் கதைக்கிற மனிதர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது எனக்கே பாவமாக இருந்தது. படகு ஏறி ஏறி, அதன் பின்தட்டு அக்கா நின்ற சீமெந்து விளிம்புக்குச் சரிசமமாக வந்து நின்றது.

அக்கா தேத்தண்ணியை ஊற்றி நீட்டினார். ஒரு கையால் வாங்கிக் குடித்தார்.

"உது ஆடுமோ?" என்றார் அக்கா.

"இப்ப ஆடாது. முன்னும் பின்னும் கட்டிக் கிடக்கு."

"கீழ எவ்வளவு தண்ணி?"

அவர் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"ஆழம் மலர். ஆள் தாழும். நீர் தாழுவீர், நானும் தாழுவன். பொய் சொல்லேல்லை."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருடம் கெஞ்சியவர் சொல்லுகிற வார்த்தையா இது? முன்கதவு திறக்கத் தொடங்கியிருந்தது.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இறங்க வேணுமோ?"

"இல்லை. இறங்கத் தேவையில்லை. நேரா நடந்து வரலாம்."

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். ஓடிப்போய் வானில் இருந்த சாப்பாட்டு அடுக்கை என்னை எடுத்து வரச் சொன்னார். ஓடினேன், கொண்டுவந்தேன். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து தரைக்குப் போவதுபோல ஒரு எட்டு வைத்தார். அவ்வளவுதான். ஏறிவிட்டார். தண்டையல் உள்ளே ஓடி, வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்ரிக் உறை கழற்றாமல் வைத்திருந்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கொண்டுவந்து, அக்காவுக்குப் போட்டுவிட்டார். ஒரு பூட்டும் சரியாக விழவில்லை. அக்காதான் பூட்டிக்கொண்டார்.

"தம்பி, வானை நீ கொண்டு வா," என்று திறப்பை எறிந்தார் அக்கா. நான் ஒற்றைக் கையால் பிடித்தேன். படகு நகர்ந்து போன பிறகுதான் மத்தியானச் சாப்பாடும் அதோடு போய்விட்டது விளங்கியது.

ஹேஸ்டிங்ஸுக்கு ரோட்டால் போவது நாலைந்து பாட்டுக் கேட்கிற நேரம். படகை வாங்க வந்த தம்பதி ஒரு நாயோடு லொக்குக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு நின்றேன். வெயில் சாய்ந்தது. நாய் என்னோடு நண்பனாகிவிட்டது. படகு எப்போது வரும் என்று அவர்கள் கேட்க, அது சொல்ல முடியாது என்று உண்மையைச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குப் பயம். நடுவழியில் அக்காவுக்கு ஏதும் செய்திருந்தால்?

பின்னேரம் ஆற்று வளைவில் அந்தப் பலகை தெரிந்தது. பிறகு தொப்பி. தொப்பிக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறம். அக்கா சுக்கானுக்கு அருகில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்தார். ஒரு கை படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. மற்றக் கையால் ஏதோ காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவ்வளவு கதைத்து நான் பார்த்ததில்லை. ராணியைப் பற்றித்தான் கதைத்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு. நான் கேட்கவில்லை.

நீலக் கோட்டில் வந்து கட்டினார்கள். லொக்கின் கதவு திறந்தது. பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே வந்தால் தண்ணீர் உயரும், படகு கரைக்குச் சரிசமமாக வரும், அக்கா இந்தப் பக்கம் கால் வைப்பார், படகு நாய்க்காரர்களுக்குப் போய்விடும். எல்லாம் முடிந்துவிடும்.

தண்டையல் எழும்பி நின்றார். பின்னால் வந்த ஒரு படகுக்கு இரண்டு கையாலும் காட்டினார்: நீங்கள் போங்கோ. அது போனது. அடுத்த முறை கதவு திறந்தபோது துடுப்புப் படகுகள் வந்தன. நீங்கள் போங்கோ. அதற்கடுத்த முறை பின்னால் ஒருவருமில்லை. யாராவது வருகிறார்களா என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவும் வாளியில் இருந்தபடி திரும்பிப் பார்த்தார்.

லொக்கில் நின்றவர் என்னிடம் வந்தார். அவர்கள் உன்னுடைய ஆட்கள்தானே, வருகிறார்களா இல்லையா என்று கேட்டார்.

என்னுடைய ஆட்கள்தான் என்றேன். வருவார்கள், மற்றவர்களை முதலில் விடுங்கள் என்றேன்.

வானைத் திறந்து அக்காவின் மடக்குக் கதிரையை எடுத்து வந்து விரித்தேன். பசித்தது. ஒருகாலத்தில் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டுப் போன மனிதர் அவர். லொக் பூட்டுகிற நேரம் வரையும் அவருக்காக நான் நிற்பதாக முடிவு செய்தேன்.